டவர் எட்டாத வீட்டுக்கு எந்த போன்?

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன; அவற்றுக்குள் 79,395 குடியிருப்புகள். சராசரி பார்த்தால் ஊராட்சிக்கு ஆறு. தஞ்சைப் பக்கம் இந்த ஆறும் கூப்பிடு தூரத்தில் இருந்துவிடும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே கிடக்கும். தொலைத்தொடர்புக் கணக்குகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்துவிட்டால் அந்த ஊராட்சி இணைக்கப்பட்டது. ஊரின் ஒரு மூலையில் சிக்னல் விழுந்தால் அந்த ஊர் ‘கவர்’ ஆகிவிட்டது. போன் அடிக்க வேண்டிய இடமோ வீடு. நடுராத்திரியில் பிரசவ வலி கண்டால், பாம்பு தீண்டினால், வாசலில் யானை வந்து நின்றால், அந்த வீட்டிலிருந்தே 108க்குப் பேச முடியுமா என்பதுதான் கேள்வி.

அப்படிப் பேச இன்று என்னென்ன வழிகள் உள்ளன, எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே கைவிடும் என்று இங்கே பார்க்கலாம். கருவிகளின் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் அவற்றை ஒரே ஒரு கேள்வியால் எடைபோட விரும்புகிறேன்: இந்த போனுக்கு மின்சாரம் கொடுப்பது யார் பொறுப்பு? மலையில் சிக்னலுக்கு அடுத்தபடியாக அடிக்கடி காணாமல் போவது கரண்ட்தான். பெரும்பாலும் ஒரே காற்றில், ஒரே மழையில், இரண்டும் சேர்ந்தே போகின்றன.

‘டவர் இல்லை’ என்று ஒரே வாக்கில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நிலைமைகள் பல. சில வீடுகளில் சுத்தமாக எதுவும் கிடையாது. சிலவற்றில் திண்ணையில் ஒரு கோடு தெரியும், நடையைத் தாண்டினால் போய்விடும். சில ஊர்களில் ஒரு கம்பெனிக்கு இருக்கும், நம் சிம்முக்கு இருக்காது. இன்னும் சில ஊர்களில் பகலெல்லாம் நன்றாக இருந்து, கரண்ட் போன சில மணி நேரத்தில் டவரும் படுத்துவிடும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. கடைக்காரரைக் கேட்டால் நான்குக்கும் பூஸ்டரையே எடுத்து நீட்டுவார்.

சிக்னல் வராததற்கு மலை பாதிக் காரணம்தான். செல்போன் அலை கிட்டத்தட்ட வெளிச்சம் போலத்தான் போகும். குன்று குறுக்கே வந்தால் பின்னால் நிழல் விழும். அலைவரிசை உயர உயர அந்த நிழல் கடுமையாகும், நனைந்த இலைகளும் தம் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும். மீதிக் காரணம் பணமும் அனுமதியும். ஒரு டவருக்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், அங்கிருந்து வெளியுலகுக்கு ஃபைபரோ ரேடியோ இணைப்போ வேண்டும். இத்தனைக்கும் ஈடுகட்டும் அளவுக்கு ரீசார்ஜ் செய்கிறவர்கள் வேண்டும். முப்பது வீட்டு ஊரில் அது நடக்காது. சத்தியமங்கலம், முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் இதற்கு மேல் வனத்துறை அனுமதியும் சேர்ந்துகொள்கிறது. நீலகிரி மாவட்டத்தில் இருந்தும் பவானிசாகர் வழியாகக் காட்டுப் பாதையில் போய், மாயாற்றைப் பரிசலில் கடந்து சேர வேண்டிய தெங்குமரஹாடாவை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசலும் நின்றுவிடும். அங்கே ஒரு போன் என்பது வசதி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளின்போது நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைகள் ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அந்தச் சில மாதங்கள்தான் இந்தப் பிரச்சினை நகரத்துக்காரர்களின் கண்ணில் பட்டது.

செல்போனுக்கு முந்தைய காலத்தில் என் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் லேண்ட்லைன் பேசும். எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே செம்புக் கம்பி வழியாக வீடு வரை வந்துவிடும். போனைப் பிளக்கில் செருகும் வேலையே இல்லை. ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன். வீட்டுக்காரர் பேட்டரி வாங்க வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், மின்வாரியத்தை நம்பவும் வேண்டாம். பொறுப்பு முழுவதும் தொலைபேசித் துறையுடையது.

அந்த எக்ஸ்சேஞ்சைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதற்குப் பின்னால் ஒரு நல்ல பொறியியல் கதை இருக்கிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் ஏ.சி. அறை இல்லாமல் வேலை செய்யாது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், நம் வெயிலையும் தூசியையும் தாங்கக்கூடிய, ஏ.சி. தேவைப்படாத 128 முனைகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் நிறுவப்பட்டது. பிறகு தாலுகாவுக்குத் தாலுகா, பிர்க்காவுக்குப் பிர்க்கா பரவியது. கிராமத்தை மனதில் வைத்து ஒரு இயந்திரம் செய்வது என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கரண்ட் ஒழுங்காக வராது என்பதை ஒப்புக்கொண்டு, அங்கிருந்து வடிவமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதன் பலவீனம் கம்பியில் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் குரல் தேய்ந்துபோகும். மலையில் ஐந்து கிலோமீட்டர் என்பது இரண்டு வளைவுகள். சாலையை அகலப்படுத்தத் தோண்டினால் கேபிள் அறுந்தது; செம்புக்கு விலை ஏறியபோது வெட்டி எடுத்துப்போனார்கள்; ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் கரகரவென்று இரைச்சல். தெருமுனை பில்லரையும் கம்பத்து டிபி பெட்டியையும் திறந்து, எந்த ஜோடி யாருடையது என்று பார்த்தமட்டில் சொல்லக்கூடிய லைன்மேன் இருந்தவரை இதெல்லாம் சமாளிக்கப்பட்டது. 2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஏறத்தாழ 78,000 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். செம்பு லைன் அதற்கு முன்பே நோயாளிதான். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனது அன்றுதான். இன்று புதிதாகச் செம்பு இணைப்பு கேட்டு விண்ணப்பிப்பதில் பொருளில்லை. கேட்டால் ஃபைபர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

கம்பியை விட்டு ரேடியோவுக்குப் போகும் முயற்சி புதிதல்ல. தொண்ணூறுகளில் கிராமப் பொதுத் தொலைபேசிகளை மார் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ரேடியோ கருவிகளால் இணைத்தார்கள். பெரிய தோல்வி. பின்னால் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் அவற்றைக் கழற்றிவிட்டு வேறு கருவி வைக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற நுட்பத்தை உருவாக்கியது. கூரைமேல் சிறிய ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி, அதில் சாதாரண போன். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்துக்கு நேர்ப்பார்வை இருந்தால் பேசிக்கொண்டே இணையமும் பார்க்கலாம். 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. பி.எஸ்.என்.எல்.லின் டபிள்யூ.எல்.எல். போன் வந்தது, கொஞ்ச காலம் மேஜையில் இருந்தது, போனது. செல்போன் மலிவானதும் இவை எல்லாமே மறக்கப்பட்டன. ஆனால் கூரைமேல் ஆன்டெனா வைத்துத் தூரத்துக் கம்பத்தைப் பிடிப்பது என்ற அந்த யோசனைக்கு இன்றும் உயிர் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லாபம் வராத ஊருக்கும் போன் போக வேண்டும் என்பதற்காக 2002 ஏப்ரல் முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் ஒரு நிதிக்குப் போகிறது. 2003இல் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தார்கள். நாம் கட்டும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதன் பங்கு இருக்கிறது. வசூலானதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது என்பது இந்தக் கதையின் கசப்பான பக்கம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயர் வைத்திருக்கிறது.

அந்த நிதியிலிருந்து நடக்கும் இப்போதைய பெரிய வேலை டவர் கட்டுவது. சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை பி.எஸ்.என்.எல்.லிடம். கருவிகள் டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் கூட்டில் உள்நாட்டிலேயே செய்யப்பட்டவை. 2025 செப்டம்பரில் பிரதமர் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் இந்த 4ஜி வலைப்பின்னலைத் தொடங்கிவைத்தார். இந்த வழியில் உங்கள் ஊருக்கு டவர் வந்துவிட்டால் மற்ற எல்லாத் தீர்வையும்விட அதுவே எளிது, மலிவு. மறுக்கவே முடியாது.

ஆனால் டவர் வந்தபின்னும் பாட்டியின் போன் அடிக்காமல் இருக்கக்கூடும், அதையும் சொல்லியாக வேண்டும். 4ஜி மட்டும் தரும் டவரில் குரல் பேச வேண்டுமென்றால் கைபேசியில் வோல்ட்டி வசதி வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பழைய பட்டன் போனில் அது கிடையாது; அதன் திரையில் ‘நோ சர்வீஸ்’ என்றுதான் வரும். ஜியோ பாரத் போன்ற 4ஜி பட்டன் போனை வாங்கி வந்தால் அது ஜியோ சிம்முக்கு மட்டுமே பூட்டப்பட்டது, பி.எஸ்.என்.எல். சிம் போட்டால் எடுக்காது. மலைக்கு ஏற்றதென்று பி.எஸ்.என்.எல். பயன்படுத்துவது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அது நெடுந்தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அந்த அலைவரிசையைப் பிடிக்கும் பேண்ட் 28 பல பழைய மலிவு ஸ்மார்ட்போன்களில் இல்லை. டவர் அடியில் நின்றாலும் அந்த போனுக்கு அது வெறும் இரும்புதான். போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற நாம், பேண்ட் 28 உண்டா, வோல்ட்டி உண்டா, சிம் பூட்டு உண்டா என்று கேட்பதில்லை. மலையில் வாழ்கிறவருக்கு இந்த மூன்று கேள்விதான் முக்கியம்.

பக்கத்து கம்பெனி டவரை நம் சிம்மும் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்று 2025 ஜனவரியில் வந்தது. அரசு நிதியில் கட்டப்பட்ட 27,836 டவர்களில், எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருந்தாலும் பேசலாம் என்றார்கள். மக்களின் வரிப்பணத்தில் எழுந்த டவர் ஒரே கம்பெனியின் வாடிக்கையாளருக்கு மட்டும் என்பது தொடக்கத்திலிருந்தே நியாயமில்லாத ஏற்பாடு. இவ்வளவு தாமதமாகவேனும் சரிசெய்தார்கள். தனியார் சொந்தக் காசில் கட்டிய டவருக்கு இது பொருந்தாது. ஆகவே ஊரில் எந்த டவர் யாருடையது என்று தெரிந்துகொண்டு சிம் வாங்குவது இன்றும் அவசியம். எந்த இடத்தில் எந்தத் தலைமுறை சிக்னல் கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. வரைபடத்தில் பச்சை என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சிம் வைத்திருக்கும் உறவுக்காரரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, சமையலறையில் நின்று பேசச் சொல்லிப் பார்ப்பது மேல்.

மின்சாரக் கேள்விக்கு டவர் தரும் பதில் அரைகுறை. டவருக்குப் பேட்டரியும் சில இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. மழையில் சாலை அடைபட்டால் டீசல் ஏறாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, சமவெளியான நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களிலேயே மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. டவரும் செத்தது, கையிலிருந்த போனும் செத்தது. சமவெளிக்கே அந்தக் கதி என்றால் மலைக்கு என்ன சொல்ல.

இனி ஃபைபர். டவர் எட்டாத வீட்டுக்கு, கேபிள் எட்டுமானால், இன்று நான் முதலில் சொல்வது இதைத்தான். செம்புக்கு ஐந்து கிலோமீட்டர் எல்லை என்றால் கண்ணாடி இழைக்கு இருபது. நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் ஊராட்சிகளை இணைக்கும் வேலையைச் செய்துவருகிறது. இழை பெரும்பாலும் மின்கம்பங்களில் தொங்கியே போகிறது. தோண்டும் செலவு மிச்சம். மரம் விழுந்தால் கரண்டும் இழையும் சேர்ந்து அறும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடு வரையிலான கடைசித் தூரத்தைப் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்தான் பி.எஸ்.என்.எல்.லின் கூட்டாளியாக இருந்து இழுத்துக் கொடுக்கிறார். மாதம் 500 ரூபாய்க்குள் தொடக்கத் திட்டங்கள் உண்டு. கேபிள் இழுக்க முடியாத பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு, எதிர் மேட்டிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இணைப்பு தரும் பாரத் ஏர் ஃபைபரும் இருக்கிறது. அதற்கு நேர்ப்பார்வை கட்டாயம்.

ஃபைபர் வந்த வீட்டில் பேச இரண்டு வழி. மோடத்தின் பின்னால் போன் செருகும் துளை ஒன்று இருக்கும். அதில் பழைய லேண்ட்லைன் கருவியை மாட்டினால் எஸ்.டி.டி. கோடுடன் கூடிய எண் கிடைக்கும். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 108ஐ அழைக்க முடியாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டில் போன் இயக்கத் தெரியாத முதியவர் இருந்தால், சுவரில் மாட்டிய அந்தப் பழைய கருவியைப் போல ஒன்று வராது: எடுத்தால் பேசும்.

இரண்டாவது வழி வைஃபை காலிங். நம் கைபேசி, நம் எண், நம் சிம். அழைப்பு மட்டும் டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியே போகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின, பி.எஸ்.என்.எல். வெகு தாமதமாக வந்தது. தனிக் கட்டணம் இல்லை. செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். பெரும்பாலும் வங்கியின் ஓ.டி.பி.யும் இதே வழியில் வந்துவிடும், அதுதான் பலருக்குப் பெரிய நிம்மதி. இதில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. சிக்னல் அரைக்கோடு இருக்கும் வீட்டில் போன் வைஃபையை விட்டுவிட்டு அந்த அரைக்கோட்டையே பிடித்துத் தொங்கும். பேச்சு விட்டுவிட்டு வரும், பேட்டரியும் தீரும். ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்தால் வேறு வழியின்றி வைஃபையிலேயே நிற்கும். இன்னொன்று: வைஃபை யாருடையது என்று வைஃபை காலிங் பார்ப்பதில்லை. பி.எஸ்.என்.எல். ஃபைபரில் ஏர்டெல் சிம் பேசும். சிம்மே இல்லாமல், பத்து இலக்க எண்ணோடு செயலி வழியே பேசும் விங்ஸ் என்ற சேவையை பி.எஸ்.என்.எல். 2018இல், ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நல்ல யோசனை, ஊருக்குப் போய்ச் சேரவில்லை.

இங்கேதான் மின்சாரப் பொறுப்பு கைமாறியிருக்கிறது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. எக்ஸ்சேஞ்ச் கொடுத்துக்கொண்டிருந்த 48 வோல்ட்டை இனி வீட்டுக்காரர்தான் தேடிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை. ‘லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வேகம் கூடும்’ என்று மட்டும் சொன்னார்கள். பிரிட்டனில் இதே மாற்றம் பெரிய விவாதமானது. அவசர அழைப்புக் கருவிகளை நம்பித் தனியே வாழும் முதியவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எழுந்ததால், பழைய லைனை நிறுத்தும் கெடுவை 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். செல் சிக்னல் இல்லாமல் லேண்ட்லைனையே நம்பியிருப்பவருக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க நிறுவனமே வழிசெய்ய வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு மணி நேரம் நம் மலைக்குப் போதாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று அங்கே எழுதியாவது வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. ஃபைபர் மோடம் 12 வோல்ட்டில், பத்து வாட் அளவுக்குத்தான் மின்சாரம் குடிக்கிறது. ரூட்டர் யு.பி.எஸ். என்று கடையில் விற்கும் கையகலப் பெட்டி ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். சோலார் விளக்குக்கு வைத்திருக்கும் 40 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்துக் கொடுத்தால் மோடம் ஒரு நாள் முழுக்க ஓடும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக ஏற்றி மறுபடி அடாப்டரில் இறக்குவது வீண். கேபிள்காரரிடமும் ஒன்றைக் கேட்க வேண்டும்: உங்கள் பக்கத்துக் கருவிக்கு எத்தனை மணி நேர பேட்டரி? நம் மோடம் எரிந்துகொண்டிருக்க, ஓ.எல்.டி. எனப்படும் அவருடைய கருவி அணைந்துவிட்டால் பயனில்லை. மோடத்தில் லாஸ் என்று ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. அது சிவப்பாக மினுக்கினால் வெளிச்சம் வரவில்லை, இழை அறுந்திருக்கிறது அல்லது எதிர்முனை அணைந்திருக்கிறது என்று பொருள். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராது. இழையைச் சரிசெய்து அந்தச் சிவப்பு விளக்கை அணைக்கக்கூடிய ஆள் எந்த ஊரில் இருக்கிறார், பைக்கில் வர எவ்வளவு நேரமாகும் என்பதை விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். எத்தனை எம்.பி. வேகம் என்பது அப்புறம்.

ஃபைபர் எட்டாது, ஆனால் மேட்டுப் பாறையில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வருகிறது என்பது மலையில் மிகச் சாதாரணமான நிலைமை. இங்கே பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம், அனுமதியின்றித் தனியார் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், மலிவு பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கே திருப்பி அனுப்புகிறது. ஊரில் மற்றவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததும் கெட்டுப்போகும். கார்டெக்ட் காட்டிய வழிதான் சரி. சிம் போடும் 4ஜி ரூட்டர், அதனோடு இணைத்து டவர் இருக்கும் திசையைப் பார்க்கும் ஆன்டெனா, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு குழாய். ஆன்டெனாவிலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிள் நீளமானால் பிடித்த சிக்னலெல்லாம் கேபிளிலேயே கரைந்துவிடும். அதனால் மழைக்குத் தாங்கும் வெளிப்புற ரூட்டரையே கம்பத்தின் உச்சியில் வைத்து, இணையக் கம்பி ஒன்றை மட்டும் கீழே இறக்குவது நல்லது. மேட்டில் நிற்கும் இரும்புக் குழாய் இடியைக் கூப்பிடும் என்பதால் எர்த் கம்பி இல்லாமல் அதை நடவே கூடாது. சிக்னல் கோடுகளை எண்ணுவதைவிட போனின் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் காட்டும் எண்ணைப் பார்த்துத் திசை திருப்பலாம்: மைனஸ் 85 நன்று, மைனஸ் 110 பலவீனம், மைனஸ் 120 தாண்டினால் கைவிட்டுவிடலாம். ரூட்டரில் எந்தக் கம்பெனி எடுக்கிறதோ அதன் சிம். கைபேசியில் பழைய சிம்மே இருக்கட்டும், வைஃபை காலிங் பார்த்துக்கொள்ளும்.

எதுவுமே இல்லாத இடத்துக்கு வானம்தான். சாட்டிலைட் போன் என்றால் பலருக்கும் சினிமா நினைவு வரும். இந்தியாவில் துராயா, இரிடியம் போன்களை வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. அனுமதி பெற்று வாங்கக்கூடியது இன்மார்சாட் வழியாக பி.எஸ்.என்.எல். 2017இலிருந்து தரும் சேவை மட்டுமே. பேரிடர் மேலாண்மை, பாதுகாப்புத் துறை போன்ற இடங்களில்தான் அது புழங்குகிறது. ஒக்கி புயலுக்குப் பின் ஆழ்கடல் மீனவக் குழுக்களுக்குத் தமிழக அரசு இவற்றைக் கொடுத்தது. தனி வீட்டுக்கு விலை கட்டுப்படியாகாது. 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளை நம்பும் வி-சாட் டிஷ், வங்கிக் கிளைக்கும் ஏ.டி.எம்.முக்கும் பொருந்தும், பேசினால் குரல் போய் வரும் தாமதத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க்கில் அந்தத் தாமதம் இல்லை. 2025 ஜூனில் அதற்கு இந்தியாவில் உரிமம் கிடைத்தது. ஒன்வெப்பும் ஜியோவின் கூட்டு நிறுவனமும் முன்பே பெற்றிருந்தன. அலைக்கற்றைக் கட்டணமாக வருவாயில் 4 சதவீதமும், நகர்ப்புற இணைப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகவும் வாங்கலாம் என்று டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. கிராமத்துக்குச் சலுகை இருக்கட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. தோட்டத்து பங்களாக்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் இது வரப்பிரசாதம் ஆகும், சந்தேகமில்லை. பழங்குடிக் குடியிருப்பின் ஒரு தனி வீட்டுக்கு ஆகும் என்று நான் நம்பவில்லை. டிஷ்ஷுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். காட்டுச் சரிவில் அது அரிது. ஃபைபர் மோடத்துக்குப் பத்து வாட் போதும் என்றால் இதற்கு ஐம்பதுக்கு மேல். சோலார் பேட்டரியில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய பாரம். ஒரு பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ ஒன்றை வைத்து, நாற்பது வீட்டுக்கு வைஃபை பிரித்துக் கொடுத்தால் கணக்கு மாறும்.

ஒரு போனைப் பலர் பங்கிடுவது ஏழ்மையின் அடையாளம் என்று நினைக்க வேண்டியதில்லை. மலை அதை இயல்பாகவே செய்கிறது. இதற்கு வால்பாறையைவிட நல்ல சான்று கிடையாது. தேயிலைத் தோட்டங்களுக்குள் யானை நடமாடும் அந்தப் பீடபூமியில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் முதலில் யானை இருக்கும் இடத்தைக் கேபிள் டி.வி. திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011இலிருந்து குறுஞ்செய்தியும் தமிழில் குரல் அழைப்பும். அதோடு முக்கிய இடங்களில் சிம் பொருத்திய சிவப்பு விளக்குகள்: அருகே யானை இருப்பதை அறிந்தவர் தம் போனிலிருந்து அதை எரியவிடலாம். கைபேசி இல்லாதவரும், சிக்னல் கிடைக்காத லயத்து வீட்டுக்காரரும், வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தூரத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்து நின்றுவிடுவார்கள். இந்தப் பணிக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் சிக்னல் கொடுக்க முடியாத இடத்தில், சிக்னல் கிடைக்கும் ஓரிடத்தைத் தேர்ந்து அதன் பலனை எல்லோர் கண்ணிலும் படும்படி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ள உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கிகள் 2018 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. அரை வாட்தான், போன் வலைக்குள் போகாது, ஆனால் ஃபைபர் இருக்கும் ஒரு வீட்டை இரவில் எழுப்ப அது போதும். ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் செய்த வேலை அதுதான்.

ஆகவே என் வரிசை இது. ஃபைபர் எட்டினால் ஃபைபரும், சுவரில் ஒரு லேண்ட்லைனும், பேட்டரியும். எட்டாவிட்டால் மேட்டில் ஆன்டெனா வைத்த ரூட்டரும், பெரிய பேட்டரியும். இரண்டும் முடியாத குடியிருப்புக்குப் பொதுவில் ஒரு செயற்கைக்கோள் இணைப்பு. அதைத் தனி வீட்டின் தலையில் கட்டக் கூடாது. மூன்றிலும் பேட்டரி வருகிறது. அரசின் நிதி டவருக்கும் இழைக்கும் பணம் கொடுக்கிறது, வீட்டுப் பேட்டரிக்குக் கொடுப்பதில்லை. 48 வோல்ட் கொடுத்த காலத்தில் அது இணைப்பின் பகுதியாகவே இருந்தது. இப்போதும் அப்படியே கருத வேண்டும் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

கேட்பதற்கு இடமும் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘எங்கள் ஊருக்கு டவர் வேண்டும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானத்துக்கு, ஏற்கெனவே கவர் ஆகிவிட்டது என்று பதில் வரும். குடியிருப்பின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, ஊராட்சி அலுவலகத்து ஃபைபர் முனையிலிருந்து நடைதூரம், நடுவே உள்ள மின்கம்பங்கள், ஒவ்வொரு கம்பெனியின் சிம்மையும் போட்டு வீட்டு வாசலில் பார்த்த சிக்னல் எண், போன மழையில் கரண்ட் இல்லாத நாட்கள். இவ்வளவையும் எழுதித் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் பி.எஸ்.என்.எல். பொது மேலாளருக்கும் ஒப்புகைச் சீட்டோடு அனுப்ப வேண்டும்.